நிறத்தைச் சொன்னீர்கள், ஆயுளைச் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த, கரிமச் சாயங்களையும் பலபடிகளையும் (பாலிமர்கள், பிளாஸ்டிக் அவற்றில் ஒரு வகை) கொண்டு செய்யப்படும் திண்ம லேசர்கள் பற்றிய கட்டுரையை இருமுறை படித்தேன். பள்ளிப் பாடத்து ரூபி லேசரோடு நின்றுவிட்ட வாசகர்களுக்கு இப்படியொரு துறை இருப்பதை எடுத்துச் சொன்னதற்கு முதலில் என் நன்றி. ஆயினும் அதில் மூன்று இடங்கள் திருத்தப்பட வேண்டியவை. நிறம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் லேசர் இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்கிறது கட்டுரை. அது அரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது. ஒரே சாயத் துண்டிலிருந்து வேண்டிய நிறம் எதையும் பெறலாம் என்கிறது. அப்படிப் பெற முடியாது. மூன்றாவது, எழுதப்பட்ட பிழை அல்ல, எழுதாமல் விடப்பட்ட குறை: அந்தத் துண்டு எத்தனை நேரம் உழைக்கும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. பல ஆண்டுகள் கையில் சாயக்கறையோடு இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில், அந்த மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கடிதம் சற்று நீள்வதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1960 மே மாதத்தில் தியோடர் மைமன் இயக்கிக் காட்டிய ரூபி லேசரிலிருந்து வந்தது 694.3 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஆழ்ந்த சிவப்பு. ரூபியில் உள்ள குரோமிய அயனியின் ஆற்றல் மட்டங்களே அந்த நிறத்தை முடிவு செய்துவிடுகின்றன. படிகத்தைக் குளிர்வித்தால் அது ஒரு மயிரிழை நகரும், அவ்வளவுதான். 589 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் சோடியம் அணுவை ஆராய விரும்புகிறவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. 1966-இல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் சொரோகினும் லாங்கர்டும், ஜெர்மனியில் தனியாக ஃபிரிட்ஸ் ஷேஃபரின் குழுவினரும், கரைப்பானில் கரைந்த சாயத்திலிருந்து லேசர் ஒளி எடுத்துக் காட்டினார்கள். மறு ஆண்டே, அதாவது 1967-இல், சோஃபர், மெக்ஃபார்லண்ட் இருவரும் லேசரின் இரு முனைக் கண்ணாடிகளில் ஒன்றுக்குப் பதிலாக, நெருக்கமாகக் கோடுகள் கீறி ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கீற்றணியை வைத்து அந்த ஒளியின் நிறத்தைத் தொடர்ச்சியாக மாற்றிக் காட்டியதோடு, ரோடமைன் 6ஜி என்ற சாயத்தைப் பாலிமெத்தில் மெத்தாகிரிலேட் என்ற தெளிந்த பிளாஸ்டிக்கில் கலந்து, அந்தத் திண்மத் துண்டையும் லேசராக இயங்கச் செய்தார்கள். அடுத்த ஆண்டு ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வுக்கூடத்தில் பீட்டர்சனும் ஸ்னேவ்லியும் கேமரா ஃபிளாஷ் போல் பளிச்சிடும் விளக்கின் ஒளியைக் கொண்டே அத்தகைய பிளாஸ்டிக்கிலிருந்து லேசர் எடுத்தார்கள். ஆக, சாய லேசர் பிறந்து ஓராண்டுக்குள் அதன் பிளாஸ்டிக் வடிவமும் பிறந்துவிட்டது. அப்படியிருந்தும் அடுத்த பல பத்தாண்டுகள் ஆய்வுக்கூடங்களை ஆண்டது திரவச் சாய லேசர்தான். ஏன் என்ற கேள்விக்கு விடை, கட்டுரை விட்டுவிட்ட ஆயுட்கணக்கில் இருக்கிறது.

அதற்கு முன், சாயம் ஏன் பல நிறங்களைத் தருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கட்டுரையின் இரண்டாம் பிழை அங்கேதான் தொடங்குகிறது. சாய மூலக்கூறு என்பது ஐம்பது அறுபது அணுக்கள் கோத்த ஒரு கூடு. அதன் அடிநிலையும் (ஆற்றல் மிகக் குறைந்த நிலை) கிளர்வு நிலையும் (ஒளியை விழுங்கி ஆற்றல் கூடிய நிலை) ஒற்றைக் கோடுகளாக இருப்பதில்லை. அணுக்களின் அதிர்வுகளாலும் சுற்றியுள்ள மூலக்கூறுகளின் நெருக்குதலாலும் இரண்டும் அகன்ற பட்டைகளாகப் பரந்து கிடக்கின்றன. பச்சை ஒளியை விழுங்கிய ரோடமைன் மூலக்கூறு, கிளர்வு நிலையின் அடித்தளத்துக்குக் கண்ணிமைப்பதற்குள் எத்தனையோ கோடி மடங்கு விரைவில் இறங்கிவிடும். பிறகு அங்கே சுமார் 4 நானோ விநாடி தங்கி, அடிநிலைப் பட்டையின் ஏதோ ஒரு படியில் போய் விழும். எந்தப் படியில் விழுகிறதோ அதற்கேற்ற நிறத்தில் ஒளி வெளிவரும். மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என அந்த ஒளி பரந்திருப்பதால், அதில் எந்தப் பகுதியை வலுப்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு. ரோடமைன் 6ஜி கலந்த பிளாஸ்டிக் ஏறத்தாழ 550 முதல் 600 நானோமீட்டர் வரை தரும். அதனிடம் நீலம் கேட்டால் கிடைக்காது. நீலத்துக்கும் பச்சைக்கும் கூமரின் வகைச் சாயங்கள், ஆழ்சிவப்புக்கு வேறு சாயங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வயல். பல சாயங்களைச் சேர்த்துப் பார்த்தால் புறஊதா ஓரத்திலிருந்து அகச்சிவப்பு வரை நிரப்பலாம் என்பது உண்மையே. அது சாயங்களின் கூட்டத்துக்குப் பொருந்தும் கூற்று. ஒரு துண்டுக்குப் பொருந்தாது.

அந்த ஐம்பது நானோமீட்டருக்குள் நிறத்தை மாற்றும் முறை பார்க்க அழகானது. மில்லிமீட்டருக்கு 2,400 கோடுகள் கீறிய கீற்றணி ஒன்றைச் சாயத் துண்டின் ஒரு பக்கத்தில் வைத்து, வந்த ஒளி வந்த வழியே திரும்பும்படி சாய்த்தால், 550 நானோமீட்டருக்கு அது சுமார் 41.3 பாகையிலும் 600 நானோமீட்டருக்குச் சுமார் 46 பாகையிலும் நிற்க வேண்டும். ஐந்து பாகைக்கும் குறைவான திருப்பத்தில், எதிரே வைத்த வெள்ளை அட்டையின் மேல் விழும் புள்ளி பசுமஞ்சளிலிருந்து செவ்வாரஞ்சுக்கு நகர்ந்து போவதை எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. நடுவில் சில முப்பட்டகங்களை வைத்து ஒளிக்கற்றையை விரித்து, கீற்றணியின் அகலம் முழுவதும் படச் செய்தால் நிறம் இன்னும் கூர்மையாகும். இந்த அமைப்பைத் திண்மச் சாயத்துக்குப் பொருத்தி நெடுங்காலம் உழைத்தவர் எஃப். ஜே. டுவார்டே. 1999-இல் அவர் வெளியிட்ட அளவீட்டில், ரோடமைன் கலந்த பிளாஸ்டிக்கிலிருந்து 350 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே அகலம் கொண்ட ஒளி வந்தது. 580 நானோமீட்டர் அருகே கணக்கிட்டால், அது ஒரு நானோமீட்டரில் சுமார் 2,500-இல் ஒரு பங்கு. பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இனி, திரவத்தை விட்டுத் திண்மத்துக்கு ஏன் போக விரும்பினோம் என்பது. திரவச் சாய லேசர் என்பது பாதி ஒளியியல் கருவி, பாதி குழாய் வேலை. மெத்தனால் அல்லது எத்தனாலில் கரைத்த சாயத்தை ஒரு பம்ப் ஓயாமல் சுழற்றிக்கொண்டிருக்கும். (சாயத்தைக் கிளர்த்தும் ஒளியையும் எங்கள் மொழியில் ‘பம்ப்’ என்றே சொல்வோம், புதிதாக வரும் மாணவர் ‘பம்ப்பை நிறுத்து’ என்றால் எதை நிறுத்துவது என்று விழிப்பது வழக்கம்.) மெத்தனால் நஞ்சு, எத்தனாலோ எளிதில் தீப்பிடிக்கும். சில சாயங்களுக்கு வேண்டிய டைமெத்தில் சல்ஃபாக்சைடு, தோல் வழியே உள்ளே ஊடுருவுவதோடு தன்னில் கரைந்திருப்பதையும் கூடவே இழுத்துச் செல்லக்கூடியது. நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் ஒருநாள் காலை ஆய்வுக்கூடக் கதவைத் திறந்தபோது, இரவில் ஒரு ரப்பர் குழாயின் பிடிப்பு தளர்ந்து, நான்கு லிட்டர் ரோடமைன் கரைசல் தரையெங்கும் பரவிக் கிடந்தது. அறையில் சாராய நெடி. விளக்கைப் போடுவதா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றேன். கரைசலைத் துடைத்துவிட்டோம், சிமெண்டுத் தரையில் ஊறிய இளஞ்சிவப்பு மட்டும் நான் அங்கிருந்து வெளியேறும் வரை போகவில்லை. இதையெல்லாம் ஒரு விரல் நீளப் பிளாஸ்டிக் தண்டு ஒழித்துவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அந்தத் தண்டைச் செய்வதும் கட்டுரை சொல்வதுபோல் ‘சாயத்தைப் பிளாஸ்டிக்கில் கலந்தால் முடிந்தது’ என்னும் வேலை அன்று. கடையில் வரும் மெத்தில் மெத்தாகிரிலேட் திரவம் வழியிலேயே இறுகிவிடாதிருக்க அதில் ஹைட்ரோகுவினோன் போன்ற தடுப்பான் சேர்த்திருப்பார்கள். முதலில் நீர்த்த காரக் கரைசலால் கழுவி அதை நீக்க வேண்டும். ரோடமைன் அயனித் தன்மை உடையது, ஆகவே இந்தத் திரவத்தில் எளிதில் கரையாது. சிறிது ஆல்கஹாலோ, ஹைட்ராக்சிஎத்தில் மெத்தாகிரிலேட்டோ சேர்த்தால்தான் இசையும். வினையைத் தொடங்கிவைக்கப் பென்சாயில் பெராக்சைடு போட்டால் அது பிளாஸ்டிக்கோடு சேர்த்துச் சாயத்தையும் தாக்கி வெளுக்க வைக்கும் என்பதால், அசோ வகைத் தொடக்கியைத்தான் தேடிப் போடுவோம். பிறகு பொறுமை. வினை வெப்பம் உமிழ்வது. கலவை கெட்டிப்படக் கெட்டிப்பட வேகமும் கூடும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் நடுவில் உள்ள திரவம் கொதித்து, தண்டு முழுவதும் குமிழிகள் நிற்கும். இறுகும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குவதால், அச்சுக் குழாயின் சுவரை ஒருபக்கமாகப் பிடித்துக்கொண்டு விரிசல் விடுவதும் உண்டு. 40, 50 பாகை நீர்த்தொட்டியில் நாட்கணக்கில் வைத்திருந்து, கடைசியில் குழாயை உடைத்து எடுக்கும்போது, உள்ளே ஒரு குமிழியும் இல்லாமல் தீக்கொழுந்து நிறத்தில் ஒளிரும் தண்டு கையில் வந்தால் அன்றைக்குப் பண்டிகைதான். என் முதல் பதினொரு தண்டுகளில் தேறியவை இரண்டு.

ஆசைக்குக் குறுக்கே நிற்பது வெப்பம். 532 நானோமீட்டர் பச்சை ஒளியை விழுங்கி 580 நானோமீட்டர் ஆரஞ்சை உமிழும் ஒவ்வொரு மூலக்கூறும், எல்லாம் நூற்றுக்கு நூறு ஒழுங்காக நடந்தாலும், வாங்கிய ஆற்றலில் சுமார் எட்டு விழுக்காட்டைச் சூடாக உள்ளேயே விட்டுவிடுகிறது. நடைமுறையில் இது இன்னும் அதிகம். திரவத்தில் இது பொருட்டில்லை. சூடான திரவம் ஓடிப்போய்விடும், விட்டுவிட்டு அடிக்கும் ஒளியின் அடுத்த துடிப்புக்குப் புதுத் திரவம் வந்து நிற்கும். பிளாஸ்டிக் எங்கே ஓடும்? அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.2 வாட், லேசர்ப் படிகமாகப் பெயர்பெற்ற சஃபயரோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் கீழே. தேங்கிய சூடு அந்த இடத்தின் ஒளிவிலகல் எண்ணைக் குறைக்க, தண்டுக்குள்ளேயே ஒரு கள்ள வில்லை உருவாகிக் கற்றையைச் சிதறடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் பிளாஸ்டிக்குக்கு நியாயம் செய்ய வேண்டும்: ஒரு பாகை சூட்டுக்கு அதன் ஒளிவிலகல் எண் மாறும் அளவு, எத்தனாலில் மாறுவதைப்போல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். இடம்விட்டு நகர முடியாமைதான் அதன் சாபம்.

இரண்டாவது இடர் மும்மை நிலை. கிளர்ந்த சாய மூலக்கூறுகளில் சில, ஒளியை உமிழாமல், நெடுநேரம் தங்கும் இன்னொரு ஆற்றல் நிலைக்குச் சறுக்கிவிடும். அங்கே உட்கார்ந்துகொண்டு, மற்ற மூலக்கூறுகள் உமிழும் லேசர் ஒளியை அவை விழுங்கத் தொடங்கும். திரவத்தில் இவற்றை ஓட்டிச் செல்லலாம், அல்லது கரைந்துள்ள ஆக்சிஜன் அவற்றைத் தணிக்கும். திண்மத்தில் ஆக்சிஜன் ஊர்ந்துதான் வரும்; வந்தாலும், மும்மை நிலையைத் தணிக்கும் அதே வினையில் வீரியம் கூடிய ஆக்சிஜன் உண்டாகிச் சாயத்தையே அரித்துவிடும். காப்பாற்ற வந்தவனே கழுத்தை அறுக்கும் கதை. அதனால்தான் திண்மச் சாய லேசர்கள் பெரும்பாலும் சில நானோ விநாடித் துடிப்புகளாகவே இயக்கப்படுகின்றன; மும்மை நிலையில் கூட்டம் சேர்வதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். இடைவிடாமல் ஒளிரும் லேசர் வேண்டுமானால் சாயம் தோய்ந்த தட்டை வேகமாகச் சுழற்றி, ஒரே இடத்தில் ஒளி நிலைக்காதபடி பார்த்துக்கொள்ளும் உத்தி உண்டு. அப்போது, எந்தச் சுழற்சியை விட்டு ஓடி வந்தோமோ அதே சுழற்சி வேறு வேடத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

இவற்றின் முடிவு, சாயத்தின் சாவு. பம்ப் ஒளியைத் தண்டின் மேல் ஒரு மெல்லிய கோடாகக் குவித்து மணிக்கணக்கில் அடித்தபின் எடுத்துப் பார்த்தால், ஒளி பட்ட இடத்தில் ஆரஞ்சு வெளிறி, பழைய சட்டையில் வியர்வை பட்ட இடம்போல் ஒரு சாம்பல் மஞ்சள் தடம் தெரியும். அங்கே மூலக்கூறுகள் உடைந்துவிட்டன. எந்த வைத்தியமும் அவற்றை மீட்காது. தண்டைச் சற்றுத் திருப்பிப் புது இடத்தில் தொடங்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் எண்களைக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ஒரு லட்சம் துடிப்பு தாங்கும் பிளாஸ்டிக் லேசர்’ என்று ஒரு தலைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். கேட்கப் பெரிதாக இருக்கும். விநாடிக்கு 10 துடிப்பு என்றால் ஒரு லட்சம் துடிப்பு 2 மணி 47 நிமிடத்தில் தீர்ந்துவிடும். விநாடிக்கு 1,000 என்றால் 100 விநாடியில். தேநீர் ஆறுவதற்குள் கதை முடிந்தது. அதோடு, அந்த எண் எந்த ஆற்றலில் எடுக்கப்பட்டது, ஒளி எவ்வளவு பரப்பில் விழுந்தது, வெளியீடு பாதியாகக் குறையும் வரையா, பத்தில் ஒரு பங்கு குறையும் வரையா என்பவை தெரியாமல் இரண்டு ஆய்வுக்கூடங்களின் எண்களை ஒப்பிடவே முடியாது. கற்றையை அகல விரித்து, ஆற்றலைக் குறைத்து, நொண்டிக் குதிரையாக ஓட்டினால் எந்தச் சாயமும் நீண்ட நாள் வாழும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் துறையினர் ஒரு மோல் சாயம், வெளியீடு குறிப்பிட்ட அளவு சரியும் வரை, மொத்தம் எத்தனை கிகாஜூல் ஆற்றலை உறிஞ்சியது என்று கணக்கிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த அளவும் குறையற்றதன்று. ஆயினும் துடிப்பெண்ணிக்கையை மட்டும் சொல்வதைவிட ஆயிரம் மடங்கு நேர்மையானது.

ஆயுளைக் கூட்ட நடந்த முயற்சிகளே இத்துறையின் உண்மையான வரலாறு என்பேன். 1980-களில் சோவியத் ஆய்வாளர்கள் பிளாஸ்டிக்கில் குறைந்த மூலக்கூற்று நிறை கொண்ட சேர்ப்பான்களைக் கலந்து, லேசர் ஒளியின் தாக்குதலை அது தாங்கும் அளவைப் பெரிதும் உயர்த்தினார்கள். 1984-இல் டேவிட் அவ்னிர், லெவி, ரெனாட்டா ரைஸ்ஃபெல்ட் ஆகியோர், சூளை வெப்பம் இல்லாமல் கரைசலிலிருந்தே உருவாகும் சிலிக்கா கண்ணாடிக்குள் ரோடமைனை அடைத்துக் காட்டினார்கள்; சாயம் கருகாமல் கண்ணாடிக்குள் போக முடியும் என்று அன்று தெரிந்தது. அதிலிருந்து பாதி கண்ணாடி, பாதி பிளாஸ்டிக் என்னும் கலப்பினங்கள் வந்தன. மும்மை நிலைத் தொல்லை குறைந்த பைரோமெத்தீன் சாயங்களின் வருகை இன்னொரு பாய்ச்சல். அவற்றைப் பலபடிச் சங்கிலியோடு வேதிப் பிணைப்பால் கட்டி, வெப்பம் சங்கிலி வழியே வடியும்படி செய்வதில் மாட்ரிட் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். 2003-இல் டுவார்டேயும் ஜேம்ஸும் நானோ அளவிலான சிலிக்கா துகள்களைப் பிளாஸ்டிக்கில் தூவி, சூட்டால் ஒளிவிலகல் எண் மாறுவதைக் குறைத்தார்கள். இவற்றில் ஒன்றுகூட ஒரு புது நிறத்தைத் தரவில்லை. எல்லாம் இருக்கும் நிறத்தைச் சற்று நேரம் கூடுதலாக வாழவைக்கும் வேலை. இதனாலேயே இவை செய்தித்தாளின் கண்ணில் படுவதில்லை போலும்.

மெல்லிய படலங்கள் பற்றிக் கட்டுரை சொன்னதில் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றைச் சேர்க்க மட்டும் விரும்புகிறேன். 1971-இல் பெல் ஆய்வகத்தில் கோகல்னிக்கும் ஷாங்கும் சாயம் கலந்த ஜெலட்டின் படலத்துக்குள்ளேயே அலையலையாக ஒளிவிலகல் எண் மாறும்படி செய்து, வெளியே கண்ணாடிகளே இல்லாமல் லேசர் எடுத்தார்கள். அதே ஆண்டில் ஹென்ஷும் ஷாலோவும் உண்ணத்தக்க ஜெலட்டினில் சாயம் சேர்த்து லேசர் எடுத்ததாக எழுதினார்கள். இருவருமே பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர்கள் என்பதால் இந்தக் கதை இன்றும் வகுப்பறைகளில் உயிரோடு இருக்கிறது. கோகல்னிக், ஷாங்க் வழியில் இன்று ரப்பர் போல நீளும் படலங்களில் லேசர் செய்கிறார்கள். இரண்டாம் வரிசையில் இயங்கும் அத்தகைய படலத்தில் அலைவரிகளின் இடைவெளி சுமார் 390 நானோமீட்டர் என்றால், படலத்தை நூறில் ஒரு பங்கு இழுத்தாலே நிறம் ஏறத்தாழ ஐந்தாறு நானோமீட்டர் நகரும். கீற்றணியும் வேண்டாம், திருகும் வேண்டாம். இழுத்தால் நிறம் மாறும், விட்டால் பழைய நிறத்துக்கு வரும்.

தொடக்கத்தில் எண்ணிச் சொன்ன மூன்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கட்டுரையின் இறுதியில், மின்கலத்தை இணைத்தால் போதும், பலபடியே லேசராக ஒளிரும் நாள் வந்துவிட்டது என்று எழுதப்பட்டிருக்கிறது. இது மிகைப்பட்ட கூற்று. இதில் மட்டும் கட்டுரையாளர் மேல் எனக்குச் சற்று வருத்தம், ஏனெனில் இந்தத் துறை ஏற்கெனவே இதனால் சுட்டுக்கொண்டிருக்கிறது. 1990-இல் கேம்பிரிட்ஜில் பலபடியில் மின்சாரம் பாய்ச்சி ஒளி எடுத்தார்கள். 1996-இல் கேம்பிரிட்ஜிலும், பலபடி ஆய்வாளர் ஆலன் ஹீகர் பணியாற்றிய கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவிலும் அத்தகைய பலபடிகள் திண்ம நிலையில் லேசராக இயங்குவதைக் காட்டினார்கள். ஆனால் அவற்றைக் கிளர்த்தியது வேறொரு லேசரின் ஒளிதான். மின்சாரத்தாலேயே கரிமப் படிகத்தில் லேசர் எடுத்துவிட்டதாக 2000-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த செய்தியை உலகமே கொண்டாடியது. தரவுகள் புனையப்பட்டவை என்று விசாரணையில் தெரியவந்து, 2002-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் 2019-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழுவினர் மின்சாரத்தால் இயங்கும் கரிம லேசர் பற்றி எழுதியபோது, ‘அறிகுறி’ என்ற அடக்கமான சொல்லையே பயன்படுத்தினார்கள். 2023-இல் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகக் குழு வேறு வழி கண்டது: மின்சாரம் ஒரு கரிம ஒளியுமிழ் டையோடை ஏற்றுகிறது, அந்த டையோடின் ஒளி அதன்மேல் ஒட்டிய பலபடி லேசரைக் கிளர்த்துகிறது. மின்சாரம் லேசர் அடுக்குக்குள் நுழைவதே இல்லை. மிகச் சிறந்த பொறியியல். ஆனால் ‘மின்கலத்தை இணைத்தால் பலபடி லேசராகும்’ என்பதன் பொருள் இதுவன்று.

இத்தனை குறை சொன்னதால் இந்த லேசர்களுக்குப் பயனில்லை என்று நான் கருதுவதாகத் தாங்கள் எண்ண வேண்டாம். குறுகிய ஆயுள் ஒரு பொருட்டே இல்லாத இடங்கள் உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் உணரிகளுக்கு இது நன்றாகப் பொருந்தும்; 2005-இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள், வெடிமருந்து ஆவி பட்டதும் பலபடி லேசரின் ஒளி அணைந்துபோவதைக் கொண்டு, சாதாரண ஒளிர்தலைவிடப் பன்மடங்கு நுட்பமாக அதைக் கண்டறியலாம் என்று காட்டினார்கள். மாறாக, தோலில் பிறவியிலேயே அமைந்த செந்நிறத் தழும்புகளுக்கு 585, 595 நானோமீட்டர் துடிப்புகளால் சிகிச்சை தரும் மருத்துவர்கள் திரவச் சாயத்தை நெடுங்காலம் விடாமல் பிடித்திருந்ததற்கும் காரணம் உண்டு: அங்கே தேவைப்படும் ஆற்றலும் துடிப்பின் நீளமும் பிளாஸ்டிக்கால் தாங்கக்கூடியவை அல்ல.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது இதுவே. கட்டுரையில் ‘இந்த நூற்றாண்டில்’ என்பதை 1967 என்றும், ‘வேண்டிய நிறம் எதையும்’ என்பதை ஒவ்வொரு சாயத்துக்கும் உரிய எல்லைக்குள் என்றும், மின்கலம் பற்றிய வாக்கியத்தை மேலே சொன்னபடியும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். இனி இத்துறையிலிருந்து ஒரு செய்தி வரும்போது, எத்தனை துடிப்பு, விநாடிக்கு எத்தனை, எவ்வளவு ஆற்றல் எவ்வளவு பரப்பில், வெளியீடு எந்த அளவுக்குச் சரியும் வரை என்று தங்கள் செய்தியாளர் ஆய்வாளரிடம் கேட்டு, விடையை ஒரே வரியிலாவது அச்சிட்டால் போதும். ஆய்வாளர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் அச்சிடலாம்.

என் மேசை இழுப்பறையில் நான் வார்த்த தண்டுகளில் ஒன்று இன்னும் இருக்கிறது. வெயிலில் பிடித்தால் இப்போதும் ஓரங்கள் தீக்கங்குபோல் ஒளிரும். அதன் பக்கவாட்டில் வரிசையாக இருபத்து மூன்று வெளிறிய தடங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாள் வேலை. படம் எடுத்துப் போட விருப்பமிருந்தால் தெரிவியுங்கள், அனுப்பிவைக்கிறேன். திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்